சிறுநீர் வழிமாறும் இடத்தைக் காட்டும் அணு மருத்துவம்

சிறுநீரகங்களில் உருவாகும் சிறுநீர், இரு சிறுநீர்க்குழாய்களின் வழியே இறங்கிச் சிறுநீர்ப்பையில் தேங்கிப் பின் வெளியேறுவது இயல்பு. அப்பாதையில் எங்கேனும் துளை விழுந்து, பக்கத்திலுள்ள பெண்ணுறுப்போடோ குடலோடோ ஏற்பட்டுவிடும் முறையற்ற இணைப்பை மருத்துவர்கள் ஃபிஸ்டுலா என்பர். நெடுநேரம் தடைபட்ட பிரசவமும், கருப்பை அகற்றும் அறுவையில் நேரும் காயமும், கதிர்வீச்சுச் சிகிச்சையும் இதற்குக் காரணங்களாகலாம்.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் 1823இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளியின் வழிவந்து, 1964இல் இன்றைய பெயரைப் பெற்ற புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில், இத்தகைய இணைப்பைக் கண்டறிய உதவும் அணு மருத்துவத் துறை இயங்குகிறது. இத்தகைய துறைகளில் நடைபெறும் ரெனோகிராம் என்னும் சிறுநீரகச் சோதனையில், டெக்னீசியம்-99எம் என்னும் கதிரியக்கத் தனிமத்தை டிடிபிஏ என்ற மருந்துடன் சேர்த்துச் சிரையில் ஊசியாகச் செலுத்துகின்றனர். சிறுநீரகங்கள் அதை வடிகட்டிச் சிறுநீரில் சேர்க்க, அது வெளிவிடும் காமா கதிர்களைக் கொண்டு காமா கேமரா அடுத்தடுத்துப் படங்களைப் பதிவு செய்கிறது. 6 மணி நேரத்தில் டெக்னீசியத்தின் கதிரியக்கம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

சிறுநீர்ப் பாதைக்கு வெளியே மருந்து தென்பட்டால் கசிவு என்று ஐயுறலாம். ஆனால் உடையிலோ தோலிலோ பட்ட சிறுநீரும் அதே தோற்றத்தைத் தருமாதலால், உடை மாற்றி, உடலைத் துடைத்து, பக்கவாட்டிலும் படம் எடுத்துப் பார்க்கின்றனர். கசிவு மெதுவானதாயின் சில மணி நேரம் கழித்து மீண்டும் படமெடுப்பதும், ஸ்பெக்ட்-சிடி மூலம் முப்பரிமாணக் கதிரியக்கப் படத்தைச் சிடி படத்தின்மேல் பொருத்தி இடத்தை உறுதி செய்வதும் உண்டு.

சிடி யூரோகிராம் என்னும் சிறுநீர்ப் பாதைப் படம் உறுப்புகளின் வடிவத்தை நுட்பமாகக் காட்ட, அணு மருத்துவப் படமோ சிறுநீர் எங்கே செல்கிறது என்பதையும், ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு வேலை செய்கிறது என்பதையும் காட்டுகிறது. எனவே ஒன்று மற்றொன்றுக்கு மாற்றன்று, துணையே. கசிவு சிறுநீர்ப்பையிலா, சிறுநீர்க்குழாயிலா என்பதைப் பொறுத்தே அறுவை முறை மாறுவதால், இந்த விடை நோயாளிக்கு இன்றியமையாதது.

கருவுற்றிருப்போரும் பாலூட்டுவோரும் அதை ஊசிக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். பிரசவத்துக்கோ அறுவைக்கோ பின் சிறுநீர் ஓயாமல் கசியும் பெண்கள், வெட்கத்தால் மறைக்காமல் உடனே மருத்துவரை நாட வேண்டும். ஃபிஸ்டுலா குணப்படுத்தக்கூடிய நோயே.