சம்பந்தி விருந்து - 9: பாயசத்துக்குப் பிறகும் ரசம் வரும்

சென்ற வாரம் பாலக்காட்டில் கை கழுவினோம். இந்த வாரம் தெற்கே இறங்கி, திருவனந்தபுரத்தில் இலை போடுகிறோம்.

மதுரைப் பெண், திருவனந்தபுரத்துப் பையன் என்று ஒரு கல்யாணத்தை வைத்துக்கொள்வோம். டெக்னோபார்க் ஐ.டி. வளாகம் 1990-இல் வந்தபிறகு திருவனந்தபுரத்தில் அதிசயமில்லாத ஜோடிதான். கல்யாணம் பையன் ஊரில். ஜாதகம், புடவை, நகை எல்லாம் சுமுகமாக முடிந்துவிட்டன. கடைசியில் இரு வீட்டாரும் ஒரு தாளை நடுவில் வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். மெனு!

"நாங்க ரெண்டு ஸ்வீட், ரெண்டு வடை போடறது வழக்கம், சம்பந்தி."

"போடுங்கோ, அதுக்கென்ன. இங்கே மூணு பாயசம் உண்டு."

இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் பட்டியல் நீளும், பிரச்சினை தீராது. நான் பார்த்தவரை, தமிழ் - மலையாளக் கல்யாணங்களில் மனத்தாங்கல் வருவது பதார்த்தங்களால் அல்ல. எந்த வேளைக்கு எது, எதற்குப் பின் எது என்பதில்தான்.

முதல் சிக்கல் காலையிலேயே காத்திருக்கிறது. நம்மூர் முகூர்த்தம் விடிகாலையிலும் வரும். இட்லி, பொங்கல், வடை, கேசரி, டிகிரி காபி என்று காலை டிபனே பாதிக் கல்யாணம். திருவனந்தபுரத்துக் கல்யாணத்தில் எடை முழுக்க மதியம் போடும் இலைவிருந்தான சத்யாவின் மேல். இரவெல்லாம் பஸ்ஸில் வந்து இறங்கும் மதுரைக்காரர்கள் ஒரு டீயோடு தாலிகட்டு வரை உட்கார்ந்திருந்தால், பிற்பகலில் எத்தனை பிரதமன் பாயசம் ஊற்றினாலும் அந்தக் கோபம் ஆறாது. ஆகவே தாளில் முதல் வரி: பெண் வீட்டாருக்குக் காலை டிபன்.

இரண்டாவது, சோறு. கேரளப் பந்தியில் பருமனான புழுங்கலரிசி, பல இடங்களில் சிவப்பு. பொன்னி அரிசிக்குப் பழகிய நாக்குக்கு அது வேகாத சோறாகத் தெரியும். அவர்களுக்கோ நம் பொன்னி குழைந்த கஞ்சி. இதில் சமாதானம் எளிது. இரண்டு அன்னமும் வடிக்கலாம், இரண்டு வாளியில் வரட்டும். மோருக்கும் இதே தீர்வு. கேரளத்தில் சாப்பாடு மோரில் முடியும்; கட்டித்தயிர் இல்லாமல் எழுந்தால் நம்மவர்களுக்குச் சாப்பிட்ட நிறைவே வராது. ஒரு வாளி தயிர் கூடுதலாக இருக்கட்டும்.

மூன்றாவதுதான் பெரிய சிக்கல்: வரிசை.

நாம் சாம்பார், ரசம், பாயசம், தயிர் என்று போகிறவர்கள். ஊருக்கு ஊர் நடுவில் ஒரு வத்தக்குழம்போ மோர்க்குழம்போ நுழையலாம். பாயசம் வந்துவிட்டால் ரசம் முடிந்தது என்று பொருள். திருவனந்தபுரத்தில் பருப்பும் நெய்யும் பப்படமும் முதலில், அடுத்து சாம்பார், உடனே பாயசங்கள். அவை முடிந்ததும் மறுபடி சோறு வந்து, புளிசேரி, ரசம், மோர். இனிப்பு நடுவில் வந்து வயிற்றை மந்தமாக்க, புளிப்பும் மிளகும் பின்னால் வந்து தெளிய வைக்கின்றன. யோசித்துப் பார்த்தால் நியாயமான ஏற்பாடு.

ஆனால் யாரும் சொல்லாவிட்டால்? மதுரைச் சித்தப்பா பாயச வாளியைக் கண்டதும், "என்ன, ரசமே வைக்கலையா?" என்று பக்கத்து இலைக்காரரிடம் முணுமுணுப்பார். பாயசத்துக்குக் கிண்ணம் தேடுவார். இங்கே அது நேராக இலையில் விழும், பழத்தையும் பப்படத்தையும் நொறுக்கிப் பிசைந்து கையால் வழித்துச் சாப்பிட வேண்டும். மறுபடி சோறு வரும்போது, "போதும், போதும்" என்று இலையை மறைப்பார். ஊருக்குப் போய், "கல்யாணமெல்லாம் தடபுடல், ஒரு ரசத்துக்கு வழியில்லை" என்பார். ரசம் அவர் இலையைத் தாண்டிப் போயிருக்கும்.

இத்தனைக்கும் திருவனந்தபுரத்து இலை தனி மலையாள இலை அல்ல. இந்த ஊர்ச் சத்யாவின் அடையாளமே போளி. நாம் நெய் தடவித் தின்னும் அதே மஞ்சள் போளிதான். இங்கே அதை இலையில் பிய்த்துப் போட்டு மேலே பால்பாயசம் ஊற்றுகிறார்கள். கேரளத்தின் மற்ற ஊர்க்காரர்கள் இதைத் 'தெக்கன்' வழக்கம் என்று வேடிக்கையாகப் பார்ப்பதுண்டு. கோட்டைக்குள்ளும் கரமனையிலும் வலியசாலையிலும் தலைமுறைகளாகத் தமிழ் வீதிகள் இருக்கும் ஊர் இது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் தளவாய் ராமய்யன் தமிழர். அந்த மன்னர் காலத்தில் தொடங்கி, பத்மநாபசுவாமி கோயிலில் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை 56 நாள் நடக்கும் முறைஜபத்துக்கு நாலு திசையிலிருந்தும் வேதியர் வந்து உண்டார்கள். அப்படி ஒரு முறைஜபத்தில் மிஞ்சிய காய்களை ஒன்றாகப் போட்டு வேகவைத்ததே அவியல் என்று ஒரு கதை. பீமன் செய்தான் என்று இன்னொரு கதை. எது சரியோ, அவியல் இரண்டு பக்கமும் உரிமை கொண்டாடும் பதார்த்தம்.

1956 நவம்பர் 1 அன்று பழைய திருவிதாங்கூரின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தன. எல்லை மாறியது, இலை மாறவில்லை. அந்தப் பக்கத்து நாஞ்சில் நாட்டுக்காரர்கள் இன்றும் எரிசேரி, புளிசேரி, ஓலன், பிரதமன் என்றுதான் பேசுகிறார்கள். பரிமாறுவதை 'விளம்புவது' என்கிறார்கள். மலையாளத்திலும் அதுதான் சொல். அதனால் என் யோசனை: இரு வீட்டுக்கும் பொதுவான சமையல்காரர் வேண்டுமென்றால், எழுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் நாகர்கோவிலில் ஒரு நல்ல தவசிப்பிள்ளையைத் தேடுங்கள். மொழிபெயர்ப்பாளர் செலவும் மிச்சம்.

இனி, ஆபீஸ் நண்பர்கள். குஜராத்திலிருந்து வரும் ஜைனத் தோழிக்கு, "சத்யாவில் வெங்காயம், பூண்டு கிடையாது" என்று பெருமையாகச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். பழைய முறையில் பலவற்றில் அவை கிடையாதுதான்; ஆனால் அவியலிலும் கூட்டுக்கறியிலும் சேனை இருக்கும், இஞ்சிக்கறியில் இஞ்சி. மண்ணுக்கடியில் விளைவதை அவர் தொடமாட்டார். பூசணிக்காய் ஓலனும் வெள்ளரிக்காய்க் கிச்சடியும் அவருக்கு உதவும், இஞ்சி சேர்க்கவில்லை என்று கேட்டுக்கொண்டால். பாலே தொடாத வீகன் நண்பருக்குக் கணக்கு வேறு: கிச்சடியில் தயிர், அவியலிலும் பல கைகளில் தயிர். தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்ந்த அடைப்பிரதமன் அவருக்கென்றே செய்தது போலிருக்கும், நெய்யே சேர்க்காமல் ஒரு பாத்திரம் எடுத்துவைத்தால். கோதுமை ஆகாதவர் இருந்தால், போளியில் மைதா. கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலந்திருக்கலாம், டப்பாவைத் திருப்பிப் படிக்க வேண்டும்.

இத்தனைக்கும் புதிதாக ஒரு பதார்த்தம் சேர்க்கவில்லை, கவனித்தீர்களா? இருப்பதில் எதை எடுத்துவைப்பது, யாரிடம் என்ன சொல்வது என்பதுதான். பன்னீர் பட்டர் மசாலாவையும் நூடுல்ஸையும் முந்தைய நாள் வரவேற்புக்கு ஒதுக்கிவிடுங்கள். இலையில் அவை ஒட்டாது.

மெனு பேச உட்காரும் சம்பந்திகளுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை வகை என்று எண்ணுவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு வீடும், 'இது இல்லாவிட்டால் எங்கள் கல்யாணமே இல்லை' என்று ஒன்றை மட்டும் சொல்லட்டும். திருவனந்தபுரத்து வீட்டில் அது பெரும்பாலும் போளியும் பால்பாயசமும், மதுரை வீட்டில் காலை டிபன். பிறகு ஒரே ஓர் இலையைப் போட்டு, சமையல்காரரை எதிரில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக விளம்பிப் பாருங்கள். அந்த வரிசையை இரண்டு மொழியிலும் எழுதிப் பந்தி வாசலில் ஒட்டுங்கள்.

மதுரைச் சித்தப்பாவிடம் மட்டும் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்: பாயசத்துக்குப் பிறகும் ரசம் வரும்.

(தொடரும்)