ஆராய்ச்சியும் மக்கள் இசைவும்

மனித மனத்தை ஆராயும் உளநூலார்க்கு, அம்மனம் ஊறுபடாமற் காப்பதும் கடமையாகும். 1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்பார், நினைவாற்றற் சோதனை என்று கூறி மக்களை அழைத்தார். அடுத்த அறையிலிருந்தவர் விடை பிழைக்குந்தோறும், மின்னதிர்ச்சியை 450 வோல்ட் வரை உயர்த்துமாறு அவர்களைப் பணித்தார். முதற்கட்டத்தில் 40 பேருள் 26 பேர் இறுதிவரை பணிந்தனர். அதிர்ச்சி பொய், ஆனால் அதனைத் தந்தோர் உற்ற நடுக்கமும் வியர்வையும் மெய். அறியாதாரை இங்ஙனம் வருத்தலாமோ என்ற வினா எழுந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள், பங்குகொள்வோர்க்குப் புரியும் மொழியில் விளக்கியே இசைவு பெறல் வேண்டும் என்கின்றன. ஆதலின், பிற மாநிலங்களில் வாழும் நேயர்களே, விளங்காத தாளிற் கையொப்பமிடாதீர்கள். தமிழில் விளக்குமாறு கேளுங்கள். இசைந்த பின்னரும் விலகுதல் உங்கள் உரிமையே.