காரில் வெள்ளைப் புள்ளியா? கடைசி வாளியைக் கவனியுங்கள்!

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் தவணைக் கடனில் கார் வாங்கி, வீட்டு முற்றத்திலேயே கழுவுவோர் உண்டு. கிணற்று நீரில் சோப்பு சரியாக நுரைக்கவில்லையென்றால் அது கடின நீர். அதில் கழுவிய கார் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். தண்ணீர் ஆவியாகிவிடும், அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் தங்கிவிடும். வெயிலில் நாள்பட விட்டால் பெயின்ட்டில் நிரந்தரத் தழும்பாகும். விற்கும்போது விலையும் குறையும்.

பரிகாரம் எளிது. வெயில் ஏறுமுன், பானெட் குளிர்ந்திருக்கும்போது, நிழலில் கழுவ வேண்டும். மேற்கூரையில் தொடங்கி, பகுதி பகுதியாக, காயவிடாமல் அலச வேண்டும். சாதாரண சோப்பு கடின நீரில் திரிந்து படியும். கார் ஷாம்பூவே நல்லது.

மழைநீரில் இந்த உப்புகள் மிகக் குறைவு. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை என இரண்டும் இங்கே உண்டு. கூரைத் தூசு கழுவிப் போனபின் வரும் நீரை மூடியுள்ள டிரம்மில் சேமிக்கலாம். கழுவி முடித்ததும் அதில் ஒரு வாளி ஊற்றி, மெத்தென்ற துணியால் உடனே ஒற்றியெடுத்தால் புள்ளி விழாது. விழுந்துவிட்ட புள்ளிக்கு, வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து மெதுவாகத் துடைத்து, உடனே மழைநீரால் அலசலாம்.