நம்பரை நம்பினால் பணம் அம்பேல்!

பழைய கிடார் ஆம்ப்ளிபயர் வாங்குறவங்க உஷார்!

காருக்கு என்ஜின் நம்பர் மாதிரி கிடார் ஆம்ப்ளிபயருக்கும் வரிசை எண் உண்டு. அதைப் பார்த்தால் தயாரான ஆண்டு பட்டெனத் தெரிந்துவிடும் என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் ஏமாற்றம்!

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலம் புல்லர்டன் நகரில் பெண்டர் கம்பெனி தயாரித்த பழைய வால்வு ஆம்ப்ளிபயர்களுக்கு இன்றும் கடும் கிராக்கி. 1965 ஜனவரியில் அந்தக் கம்பெனியை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு சி.பி.எஸ். நிறுவனம் வாங்கியது. அதற்கு முந்திய பெட்டி என்றால் தனி மவுசு, தனி விலை. 1964-ஆ, 1966-ஆ என்பதில்தான் பணமே இருக்கிறது.

கைக்கு வந்தது முதலில்!

நம்பர் இருப்பது சேசிசில். மொத்தமாக நம்பர் அடித்து அடுக்கி வைத்து, கைக்கு வந்ததை எடுத்து மாட்டினார்கள். அதனால் பெரிய நம்பர் முந்தியும், சின்ன நம்பர் பிந்தியும் வெளிவந்தது உண்டு. மாடலுக்கு மாடல் தனி வரிசை வேறு! ஒரே நம்பர் இரண்டு மாடல்களில் இருந்தால் மோசடி என்று கூச்சல் போட வேண்டாம்.

உள்ளே இருக்குது ஜாதகம்

பெட்டியின் உள்பக்கம் வால்வு விவரம் அச்சிட்ட காகிதம் ஒட்டியிருக்கும். 1951 முதல் 1967 வரை அதில் இரண்டு எழுத்து முத்திரை குத்தினார்கள். முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம். 'ஏ' என்றால் 1951. 'என்.சி.' என்றால் 1964 மார்ச்.

டிரான்ஸ்பார்மரும் சாட்சி சொல்லும். '606423' என்று இருந்தால், 606 என்பது ஷூமேக்கர் கம்பெனி. 4 என்பது 1964. 23 என்பது வாரம். காகிதமும் டிரான்ஸ்பார்மரும் ஒத்துப்போனால் நம்பலாம். முரண்பட்டால், நடுவில் யாரோ கை வைத்திருக்கலாம்!

மார்ஷல் கூத்து

இங்கிலாந்து மார்ஷல் கம்பெனியின் கதை இன்னும் வேடிக்கை. '1987' என்ற மாடல் 1960-களிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது! '1959' என்பதும் ஆண்டு அல்ல, மாடல்தான். விற்பனை செய்த ரோஸ் மாரிஸ் நிறுவனத்தின் கேட்டலாக் எண்கள் அவை.

பிறகு ஆண்டைக் காட்ட வரிசை எண்ணோடு ஓர் எழுத்தைச் சேர்த்தார்கள். 'எச்' 1976, அடுத்த 1977-க்கு 'ஐ' இல்லை, 'ஜே'! 'ஐ' போட்டால் ஒன்று என்று படித்துவிடலாமே.

ஒரு எச்சரிக்கை: காகிதத்தையும் டிரான்ஸ்பார்மரையும் பின்பக்கமாக எட்டிப் பார்த்தாலே போதும். சேசிசைக் கழற்றப் போகாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து!