அடம் எப்போது கோளாறு ஆகிறது?

பேரங்காடியில் 2 வயதுத் தம்பி பொம்மை கேட்டுத் தரையில் புரண்டு அழுகிறான். அவனுடைய 5 வயது அக்காவும் அதையே செய்கிறாள். இருவரையும் ஒரே பிரிவில் சேர்க்கலாமா, மாணவர்களே?

விலங்குகளை முதுகெலும்புள்ளவை, முதுகெலும்பற்றவை எனப் பிரிக்கக் கற்றிருக்கிறோம். தவளையின் முதுகெலும்பு இன்று இருந்து நாளை மறைவதில்லை. பாலர் வயதுக் குழந்தையின் நடத்தையோ மாதத்துக்கு மாதம் மாறும். 2 வயதில் அடம்பிடிப்பது வளர்ச்சியின் ஒரு கட்டம். மேலும், தன் கவலையைச் சொல்ல அந்த வயதில் சொற்கள் போதாது. 'வயிறு வலிக்கிறது' என்றுதான் பிள்ளை அழும்.

பாலர்களின் சிக்கல்களை ஆய்வாளர்கள் இரு பெரும் வகைகளாகப் பார்க்கின்றனர். அடிப்பது, கடிப்பது, ஓரிடத்தில் நில்லாமல் ஓடுவது போன்றவை வெளிமுகச் சிக்கல்கள். அச்சம், ஒதுங்கல், நீங்காத சோகம் ஆகியவை உள்முகச் சிக்கல்கள். முதல் வகை ஐந்தே நிமிடத்தில் ஆசிரியரின் கண்ணில் பட்டுவிடும். அச்சத்தால் மூலையில் ஒடுங்கியிருக்கும் குழந்தைக்கோ 'நல்ல பிள்ளை' என்ற பெயர்தான் கிடைக்கும். எனக்கு இந்தக் குழந்தையைப் பற்றித்தான் அதிகக் கவலை.

ஒரு நாள் அழுகையை வைத்து யாரையும் எந்தப் பிரிவிலும் சேர்க்க முடியாது. எத்தனை முறை, எவ்வளவு காலம், அதனால் குழந்தையின் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டில், பெரியவர்களை ஓயாமல் எதிர்க்கும் கோளாறுக்கு வயதுக்கேற்ற அளவுகோல் உண்டு. 5 வயதுக்குக் குறைந்தவர்களிடம் அந்நடத்தைகள் குறைந்தது 6 மாதங்களாகப் பெரும்பாலான நாள்களில் தென்பட வேண்டும். 5 வயதானவர்களுக்கும் மூத்தவர்களுக்கும் அதே 6 மாதங்களில் வாரம் ஒரு முறையே போதும். தம்பிக்குச் சலுகை, அக்காவுக்குக் கண்டிப்பு!

பேரதிர்ச்சியால் வரும் மனஉளைச்சலுக்கும் 6 வயது வரையிலான குழந்தைகளுக்கென அக்கையேட்டில் தனி விதிகள் உள்ளன. சாலை விபத்தைக் கண்ட குழந்தை அதை வாயால் சொல்லாமல், பொம்மைக் கார்களைத் திரும்பத் திரும்ப மோதவிட்டு விளையாடக்கூடும்.

அமெரிக்காவின் 'ஸீரோ டு த்ரீ' அமைப்பு இன்னும் ஒருபடி மேலே போனது. மிகச் சிறு குழந்தைகளுக்கென்றே 1994இல் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டு, 2016இல் அதை 5 வயது வரை விரிவுபடுத்தியது. குழந்தையின் உடல்நலம், வளர்ச்சி, குடும்ப நெருக்கடி அனைத்தும் அதில் சேர்த்துப் பார்க்கப்படுகின்றன. கோளாறு குழந்தையிடம் இல்லாமல், குழந்தைக்கும் குறிப்பிட்ட ஒரு பெரியவருக்கும் இடையிலுள்ள உறவில் இருக்கலாம் என்பதையும் அது ஏற்கிறது.

ஆகவே, அந்த அக்காவின் அடம் மாதக்கணக்கில் நீடித்து மருத்துவரிடம் போனால், அவள் எப்படி அழுதாள் என்பதோடு அவர் நிறுத்தமாட்டார். அப்போது அம்மா என்ன செய்தார், அப்பா என்ன சொன்னார் என்றும் கேட்பார்.