கரண்ட் வந்தாச்சு, நெட் வரலை: வீட்டு டிஎச்சிபி சர்வரை விசாரிப்பது எப்படி?

இந்த எபிசோடில் ஒரே ஒரு பிரச்சினையைத்தான் பார்க்கப் போறோம். பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, டிஎன்எஸ்மாஸ்க் மூலமா வீட்டில் இருக்கிற எல்லாக் கருவிக்கும் ஐபி அட்ரஸ் கொடுக்கிறவங்க நம்மில் நிறைய பேர். மதுரைப் பக்கம் மாதாந்திரப் பராமரிப்புன்னு காலையில் கரண்ட் போகும், சாயங்காலம் வரும். வந்ததும் வைஃபை சிக்னல் முழுசா காட்டும், ஆனா ஒரு பக்கமும் திறக்காது. ஒருத்தருக்கு ஆபீஸ் மீட்டிங், இன்னொருத்தருக்கு ஆன்லைன் டெஸ்ட். எல்லாரும் உங்களையே பார்ப்பாங்க.

எல்லாத்தையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதீங்க. முதல்ல லாக்கைப் படிங்க.

டிஎச்சிபி நாலே நாலு பேச்சு. "யாராவது அட்ரஸ் கொடுங்க"ன்னு போன் பொதுவா கத்தும், அது டிஸ்கவர். "இதை எடுத்துக்கோ" என்பது ஆஃபர். "சரி, அதையே கொடுங்க" என்பது ரிக்வெஸ்ட். "பதிஞ்சாச்சு" என்பது அக். 1997இல் வந்த ஆர்எஃப்சி 2131 சொல்லும் முறை இதுதான். பேச்சு எந்த இடத்தில் அறுந்ததோ, கோளாறும் அங்கேதான்.

முதலில், சர்வீஸ் ஓடுதா? சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கொடுத்துப் பாருங்க. நெட்வொர்க் கார்டு தயாராகும் முன்னாடியே டிஎன்எஸ்மாஸ்க் எழுந்து, கார்டைக் காணோம்னு விழுந்திருக்கலாம். கான்ஃபிகில் 'பைண்ட்-இன்டர்ஃபேசஸ்' இருந்தா 'பைண்ட்-டைனமிக்' என்று மாத்துங்க.

ஓடுது, ஆனா ஜர்னல்சிடிஎல்லில் டிஸ்கவரே இல்லையா? டிசிபிடம்ப் வைத்து 67ஆம் போர்ட்டைக் கவனிங்க. அதிலும் இல்லைன்னா ஒயர் அல்லது வைஃபை. அதில் இருந்து, லாக்கில் மட்டும் இல்லைன்னா ஃபயர்வால். ஏன்னா டிசிபிடம்ப், ஃபயர்வால் தடுக்கும் முன்னாடியே பாக்கெட்டைப் பார்த்துடும்.

டிஸ்கவர் வருது, ஆனா கொடுக்க அட்ரஸ் ரேஞ்சே இல்லைன்னு லாக் சொல்லுதா? சர்வருக்கே அட்ரஸ் இல்லை, அல்லது அதன் அட்ரஸும் ரேஞ்சும் ஒரே சப்நெட்டில் இல்லை. ஊருக்கு அட்ரஸ் கொடுக்கிறவருக்கு நிலையான அட்ரஸ் வேணும். அதைக் கையால் எழுதி வைங்க.

ஆஃபர் போகுது, நம்ம அக் மட்டும் இல்லையா? போன் வேறொருத்தர் கொடுத்ததை வாங்கிடுச்சு. பெரும்பாலும் அது ரௌட்டர். புதுசா மாத்தினாலோ, ரீசெட் பண்ணினாலோ அதுக்குள்ள இருக்கிற டிஎச்சிபி தானா ஆன் ஆகிடும். கோயில் வாசலில் ரெண்டு பேர் தனித்தனியா செருப்பு டோக்கன் கொடுத்தா என்ன ஆகும்? ஒரே நம்பர் ரெண்டு பேர் கையில். ரௌட்டரில் அதை ஆஃப் பண்ணிடுங்க. இது வெறும் குழப்பம் மட்டுமில்லை. டிஎச்சிபியில் ஆள் அடையாளம் பார்க்கிற வழக்கம் கிடையாது. யார் முந்துறாங்களோ அவங்க சொல்ற டிஎன்எஸ்ஸைத்தான் போன் நம்பும். அதனால, முன்பின் தெரியாத சர்வர் பதில் சொன்னா அது யாருன்னு கண்டுபிடிக்காம விடாதீங்க.

கடைசியா ஒண்ணு. டிஎன்எஸ்மாஸ்க்கில் நாம எதுவும் குறிப்பிடாட்டி ஐபிவி4 லீஸ் ஒரு மணி நேரம். அதனால சர்வர் செத்தாலும் எல்லாக் கருவியும் ஒரே நேரத்தில் விழாது, ஒவ்வொண்ணா விழும். "என் போனில் வருதே"ன்னு ஒருத்தர் சொன்னா, சர்வர் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.