கூடாரம் அடிக்கக் காணி எங்கே?

லண்டனில் தையல் தொழில் செய்த தாமஸ் ஹைரம் ஹோல்டிங், சைக்கிளில் போய்க் கூடாரம் அடிப்பவர்களுக்காக 1901இல் ஒரு சங்கம் தொடங்கினார். அன்று முன்பதிவு என்ற பேச்சே இல்லை. பொழுது சாயும்போது பண்ணைக்காரரிடம் வாயால் கேட்டால் போதும், வயலோரத்தில் ஓர் இடம் கிடைத்துவிடும். 1915 முதல் மெட்ரோபொலிட்டன் ரயில்வே நிறுவனம் ‘மெட்ரோ-லேண்ட்’ கையேடுகளை வெளியிட்டு, லண்டனின் வடமேற்கிலுள்ள ஹரோவுக்கும் அதற்கு அப்பாலுள்ள சில்டர்ன் குன்றுகளுக்கும் நகரவாசிகளை அழைத்தது. இருபதே ஆண்டுகளில் ஹரோவின் வயல்கள் பெரும்பாலும் வீட்டு வரிசைகளாகின.

சட்டமும் இறுகியது. ஒரு நிலத்தைத் தொடர்ந்து 42 நாளுக்கு மேலோ, ஆண்டில் 60 நாளுக்கு மேலோ கூடாரத் தளமாக்க உரிமம் வேண்டும் என்றது 1936ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம். காரும் கேரவனும் பெருகப் பெருக, வாய்ச்சொல்லின் இடத்துக்குக் கட்டணத் தளங்கள் வந்தன. இன்று ஆகஸ்ட் விடுமுறைக்கு இடம் வேண்டுமென்றால் பல மாதம் முன்பே பணம் கட்டி வைக்கிறோம். கடையிலும் பெற்றோல் நிலையத்திலும் ஷிப்ட் பார்க்கும் நம் தமிழர்களுக்கு லீவு எப்போது என்பதே கடைசி நேரத்தில்தான் தெரியும். முன்பதிவு முறையில் முதலில் வெளியே நிற்பவர்கள் அவர்கள்தான்.

2000ஆம் ஆண்டில் வந்த ஒரு சட்டம் மலையிலும் புல்வெளியிலும் நடக்க உரிமை தந்தது. இரவு தங்கத் தரவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அனுமதி கேளாமல் தங்கும் உரிமை எஞ்சியிருக்கும் பெருவெளி டெவனிலுள்ள டார்ட்மூரின் பொதுமேய்ச்சல் நிலம் ஒன்றே. அதற்கும் 2023 ஜனவரியில் ஆபத்து வந்தது. நிலவுடைமையாளரான டார்வால் தம்பதியர் தொடுத்த வழக்கில், 1985ஆம் ஆண்டின் டார்ட்மூர் சட்டம் அந்த உரிமையைத் தரவில்லை என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2025 மே 21இல் உச்ச நீதிமன்றம் உரிமையை ஒருமனதாக உறுதிசெய்தது.

லண்டன் பாடிங்டனில் ரயில் ஏறி எக்ஸெட்டரில் மாறினால் ஓக்ஹாம்ப்டன். அங்கிருந்து நடந்தே டார்ட்மூருக்குள் போகலாம். ஆனால் எல்லா இடத்திலும் கூடாரம் அடிக்க முடியாது. தேசியப் பூங்கா ஆணையத்தின் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். வடக்கே இராணுவச் சுடுதளங்கள் இருப்பதால் சுடும் நாட்களையும் பார்க்க வேண்டும். பளிச்சென்ற பச்சைப் பாசி தெரிந்தால் அடியில் சேறு என்று பொருள், காலை வைக்கக்கூடாது. காற்று மறைவில், கால் அமிழாத மேட்டுப்புல்லே நல்ல இடம். முதுகில் சுமக்கக்கூடிய சின்னக் கூடாரம், ஓரிரு இரவு, தீ மூட்டாமை: இவைதான் விதிகள். குடும்பமாகக் கூடி பார்பிக்யூ போட நினைத்தால் கட்டணத் தளத்துக்குத்தான் போக வேண்டும்.

2003ஆம் ஆண்டில் வந்த ஒரு சட்டம் ஸ்கொட்லாந்தில் இந்த உரிமையை மிகத் தாராளமாகத் தந்தது. ஆனால் அங்கே குப்பையும் எரிந்த மரங்களும் குவிந்ததால், லாக் லோமண்ட் கரைகளின் சில பகுதிகளில் 2017 முதல் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை அனுமதிச் சீட்டு வந்துவிட்டது. நீதிமன்றம் காத்துக்கொடுத்ததை நம் குப்பையால் நாமே இழந்துவிடக்கூடும். அதனால் ஹரோவில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்த உரிமையையும் அதன் ஒழுங்கையும் சேர்த்தே பழக்குவோம். லீவு கிடைத்த வாரத்தில், எவரிடமும் கேளாமல் போய்வர இந்த நாட்டில் அவர்களுக்கும் ஓரிடம் இருக்கிறது.